வாணவேடிக்கைக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது திரும்பும் ரயிலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ஜப்பானின் கோடைக்கால வாணவேடிக்கை பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. டோக்கியோவில் வேலை பார்க்கும் பிள்ளைகளையும் நண்பர்களையும் பார்க்கப் பெங்களூரிலிருந்து போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் இன்று ஏராளம். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறோம். கட்டுரையில் மூன்று தகவல்கள் பழையவை. அதைவிட முக்கியம், வானத்தில் நடப்பதை அழகாகச் சொன்ன கட்டுரை, அது முடிந்தபின் லட்சம் பேர் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே ரயில் நிலையத்துக்கு நடப்பதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

முதலில் பருவம். நமக்குக் கோடை விடுமுறை என்றால் ஏப்ரல், மே. அங்கே வாணவேடிக்கைக் காலம் ஜூலைக் கடைசியும் ஆகஸ்டும். மே மாதத்தில் போகிறவர்களுக்குப் பெரிய வாணவேடிக்கை எதுவும் கிடைப்பது அரிது. டோக்கியோவில் சுமிதா ஆற்று வாணவேடிக்கை ஜூலையின் கடைசிச் சனிக்கிழமை. எதோகவா வட்டாரத்தினுடையது ஆகஸ்டின் முதல் சனிக்கிழமை. டோக்கியோவுக்கு வடக்கே நீகாத்தா மாநிலத்தில் இருக்கும் நாகவோகாவில் கிழமை கணக்கே இல்லை. ஆகஸ்ட் 2, 3 தேதிகளில்தான் நடக்கும். சுவா ஏரியில் ஆகஸ்ட் 15. நம் சுதந்திர தின விடுமுறையோடு சேர்த்து லீவு எடுப்பவர்களுக்கு இது வசதி.

இனி தவறுகள். “பதினெட்டுச் சீட்டு” என்று அழைக்கப்படும் சலுகை டிக்கெட் ஒன்றை வாங்கினால் ஐந்து நண்பர்கள் ஒரே நாளில் அதைப் பகிர்ந்து போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். அது 2024 குளிர்காலத்துக்கு முந்தைய விதி. இப்போது அந்த டிக்கெட் ஓர் ஆளுக்குத்தான். மூன்று நாள் சீட்டு 10,000 யென், ஐந்து நாள் சீட்டு 12,050 யென் என்று மாற்றிவிட்டார்கள். நாட்களும் அடுத்தடுத்து வந்தாக வேண்டும். இடையில் ஒரு நாள் விட்டுப் பயன்படுத்த முடியாது. அதில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலிலும் ஏற முடியாது. சாதாரண வண்டிகளில் டோக்கியோவிலிருந்து நாகவோகா போக, தக்கசாகியிலும் மினகாமியிலும் மாறி ஏறி, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மினகாமிக்கு அப்பால் மலைப்பாதையில் நாளுக்கு ஓடுவதே விரல் விட்டு எண்ணக்கூடிய வண்டிகள். போக வழி இருக்கிறது. இரவு 9.10க்கு வேடிக்கை முடிந்த பிறகு அதே வழியில் அன்றிரவே திரும்ப வழி கிடையாது. மலிவு என்று நினைத்து இந்தச் சீட்டோடு போகிறவர்கள் நாகவோகா ஸ்டேஷன் வாசலில்தான் விடிய விடிய உட்கார நேரும்.

இரண்டாவது, நாடு முழுவதும் செல்லும் ஏழு நாள் ரயில் பாஸ். 2023 அக்டோபரில் அதன் விலை 50,000 யென்னாக ஏறியது. டோக்கியோ–நாகவோகா ஷின்கான்சென் ஒரு வழிக்கு ஏறக்குறைய 9,000 யென். வாணவேடிக்கை ஒன்றுக்காக மட்டும் போகிறவர் பாஸ் வாங்கினால் கையைச் சுட்டுக்கொள்வார். தனி டிக்கெட்டே போதும்.

மூன்றாவதாக, ஆற்றங்கரையில் எங்கே வேண்டுமானாலும் பாயை விரித்து உட்காரலாம் என்பது. நாகவோகாவில் 2022 முதல் பார்வையிடங்கள் அனைத்தும் கட்டண இருக்கைகள். அவற்றையும் குலுக்கல் முறையில்தான் ஒதுக்குகிறார்கள். அங்கேயே குடியிருக்கும் நண்பர் பெயரில் விண்ணப்பிப்பதுதான் எளிது. ஆகஸ்டில் நினைத்துக்கொண்டால் நடக்காது. வசந்த காலத்திலேயே நண்பருக்கு நினைவூட்டிவிட வேண்டும்.

இப்போது திரும்பும் ரயில் கணக்குக்கு வருவோம். நாகவோகாவையே எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஷின்கான்சென் வண்டிகள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஓடுவதில்லை. இரைச்சலுக்காகவும், தண்டவாளப் பராமரிப்புக்காகவும் வைத்திருக்கும் கட்டுப்பாடு அது. நாகவோகாவிலிருந்து டோக்கியோ ஒன்றே முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு மணிக்குள் டோக்கியோ சேரும் வண்டி இரவு 10.15 வாக்கிலாவது கிளம்பியாக வேண்டும். ஆற்றங்கரையிலிருந்து ஸ்டேஷனுக்குச் சாதாரண நாளில் அரை மணி நடை. வேடிக்கை முடிந்த இரவில் அதுவே ஒரு மணி, சில இடங்களிலிருந்து ஒன்றரை மணி. 9.10ஐயும் ஒன்றரை மணியையும் கூட்டிப் பாருங்கள். 10.40 ஆகிவிடுகிறது; வண்டி போய்விட்டது. விழா நாட்களில் கூடுதல் வண்டிகள் விடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் எத்தனை விட்டாலும் நள்ளிரவு என்ற சுவர் நகராது. சென்னைக்கு ராத்திரி மெயில் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற நம் பழக்கத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது.

ஆகவே நாகவோகாவுக்கு ஒரே நாளில் போய்வருகிறவர் 8.40க்கெல்லாம் எழுந்துவிட வேண்டும். அதுவும் ஸ்டேஷன் இருக்கும் கரையில், அதாவது வலக்கரையில், இருக்கை வாங்கியிருந்தால். இடக்கரையில் உட்கார்ந்தால் ஷினானோ ஆற்றின் பாலத்தைக் கடந்து வர வேண்டும், அந்தப் பாலத்தில்தான் நெரிசலே. 367 கிலோமீட்டர் நீளமுள்ள, ஜப்பானின் மிக நீண்ட ஆறு அது. அங்கே அகலமும் குறைவில்லை. முழுவதும் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் வழி வேறு: டோக்கியோவுக்குத் திரும்பாமல், எதிர்த்திசையில் நீகாத்தா நகருக்குப் போய்த் தங்குங்கள். ஷின்கான்செனில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல், சாதாரண வண்டியில் ஒன்றேகால் மணி. நாகவோகாவுக்குள்ளேயே அறை தேடுவது வீண். பல விடுதிகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும்.

ரிசர்வேஷன் பற்றியும் சொல்ல வேண்டும். ஷின்கான்சென் இருக்கைகள் பயணத் தேதிக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், அங்கே காலை 10 மணிக்குத் திறக்கும். ஆகஸ்ட் 2 இரவு வண்டிக்கு ஜூலை 2. ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னே ஓடுவதால் பெங்களூரில் அது காலை 6.30. நம்மூர் தட்கலுக்கு உட்காருவது போலவே உட்கார வேண்டும். ஒரு வித்தியாசம்: முதலில் திரும்பும் வண்டியை எடுங்கள், பிறகு போகும் வண்டியை. போகும் வண்டிகள் நாள் முழுக்க இருக்கின்றன, திரும்பும் வண்டிகள் அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான். அந்தப் பாதையில் முன்பதிவு இல்லாத பெட்டிகளும் உண்டு. நின்றுகொண்டு வரலாம், ஆனால் பிளாட்பாரத்துக்குள் விடவே வரிசை. ரிசர்வ் செய்த வண்டியைத் தவறவிட்டால், அதே நாளில் பின்னால் வரும் வண்டியின் முன்பதிவு இல்லாத பெட்டியில் அந்த டிக்கெட்டோடு ஏறலாம். கடைசி வண்டிக்குப் பின்னால் வண்டி இல்லை என்பதால், கடைசிக்கு முந்தைய வண்டியில் இடம் எடுப்பதுதான் புத்தி.

டோக்கியோ வந்து சேர்ந்த பிறகும் வேலை முடியவில்லை. நகர ரயில்கள் நள்ளிரவு தாண்டி அரை மணி, மிஞ்சினால் ஒரு மணிக்குள் ஓய்ந்துவிடும். எதோகவா வட்டாரத்தில் இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷிகசாய் பக்கம் நண்பர் வீட்டில் தங்குகிறவர்கள் அந்த இணைப்பு வண்டியின் நேரத்தையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

காகிதத்தில் என்பதற்குக் காரணம் உண்டு. லட்சம் பேர் ஓரிடத்தில் நின்று படம் எடுத்து அனுப்பும்போது செல்பேசி வலையமைப்பு திணறிப்போகும். வாட்ஸ்அப்பில் “எங்கே இருக்கிறாய்” என்று கேட்டால் பதில் அரை மணி கழித்து வரும். அதனால் நண்பர்கள் குழுவாகப் போகும்போது ஒருவரே எல்லோர் டிக்கெட்டையும் வைத்துக்கொள்வது பெரிய தப்பு. அவரவர் டிக்கெட் அவரவர் பையில். பிரிந்துவிட்டால் யாரும் யாரையும் தேடிப் பின்னோக்கி நடக்கக் கூடாது. நேரே ஸ்டேஷன், சொல்லி வைத்த தூண், அல்லது நேரே வண்டி. குழந்தையின் சட்டைப் பையில் பெயரும் நண்பரின் எண்ணும் ஜப்பானிய எழுத்தில் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்.

சுயிகா போன்ற தொட்டுச் செல்லும் அட்டைகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓர் அட்டை ஓர் ஆளுக்குத்தான். அட்டையில் காசு குறைந்தால் வெளியேறும் கேட் மூடிக்கொள்ளும். பின்னால் வரும் கூட்டம் முதுகில் வந்து இடிக்கும். வேடிக்கை முடிந்த இரவில் ரீசார்ஜ் இயந்திரத்தின் முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தால் இது புரியும். போகும்போதே திரும்பும் கட்டணத்துக்குமாகச் சேர்த்துப் போட்டுவிட வேண்டும். மேலும், டோக்கியோ வட்டாரத்தில் அட்டையைத் தொட்டு நுழைந்து, சாதாரண வண்டியிலேயே நீகாத்தா வட்டாரத்துக்குப் போய்த் தொட்டு வெளியேற முடியாது. இரண்டும் தனித்தனி எல்லைகள். நாகவோகா போன்ற தூரப் பயணத்துக்குத் தனி டிக்கெட்டே எடுங்கள்.

நிஷிகசாயில் நண்பர்கள் இருந்தால், உண்மையில் எல்லாவற்றையும்விடச் சுலபம் எதோகவா வாணவேடிக்கைதான். தங்கள் கட்டுரையில் அதன் பெயரே இல்லாதது எங்களுக்கு வருத்தம். ஆரம்பத்தில் ஐந்தே வினாடியில் ஆயிரம் வாணங்கள் கிளம்பும். மொத்தம் ஏறக்குறைய 14,000. பஸ்ஸில் ஃபுனபோரி வரை போய், அங்கிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் ஷினோசாகி. பிறகு கால் மணி நடை. திரும்பும்போது அந்த ஷினோசாகிக்கே போகாதீர்கள். நுழைவாயிலைக் கயிறு கட்டிப் பகுதி பகுதியாகத்தான் உள்ளே விடுவார்கள். அரை மணி நடந்து கோயிவா ஸ்டேஷனுக்குப் போனால், வரிசையில் நிற்கும் நேரத்தில் வண்டியே ஏறிவிடலாம். சுமிதாவிலும் இதே வழிதான்: அசகுசா ஸ்டேஷனை விட்டுவிட்டு மேற்கே பெரிய சாலையில் உயேனோ வரை இரண்டு கிலோமீட்டர் நடப்பது. முதியவர்கள் உடன் இருந்தால் கடைசி வாணத்துக்கு இருபது நிமிடம் முன்பே எழுவது, அல்லது முடிந்த பிறகு முக்கால் மணி அங்கேயே உட்கார்ந்திருப்பது. இரண்டில் ஒன்று. கடைசி வெடியோடு எழுவதுதான் ஆபத்து.

ஆபத்து என்ற சொல்லை மிகைப்படுத்தி எழுதவில்லை. 2001 ஜூலை 21 அன்று ஹ்யோகோ மாநிலத்தின் அகாஷி நகரில் நடந்த வாணவேடிக்கையின்போது, அசகிரி ரயில் நிலையத்தையும் கடற்கரையையும் இணைக்கும் நடைமேம்பாலத்தில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அவர்களில் 9 பேர் குழந்தைகள். பாலம் ஏறக்குறைய 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். கடற்கரைப் பக்கம் இறங்கும் படிக்கட்டோ அதில் பாதி அகலம்தான். ஸ்டேஷனிலிருந்து வருகிறவர்களும், பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களும் அந்தப் படிக்கட்டின் தலைமாட்டில் எதிரெதிராக முட்டிக்கொண்டார்கள். சுவர் மூடியிருந்ததால் பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை, தள்ளிக்கொண்டே இருந்தார்கள். இன்று ஜப்பானிய வாணவேடிக்கைகளில் ஒருவழிப் பாதை, கயிறு, ஒலிபெருக்கி என்று எல்லாம் கறாராக இருப்பதற்கு அந்த இரவுதான் காரணம். போலீஸ்காரர் சுற்றிப் போகச் சொன்னால் சலித்துக்கொள்ளாமல் சுற்றிப் போங்கள். 2025 ஜூன் 4 மாலை நம் சின்னசாமி மைதான வாசலில் போன உயிர்களும் 11. அந்த எண்ணை மறக்காத ஊர் நம்முடையது. இதைச் சொல்லப் பெங்களூர் வாசகரிடம் நீட்டி முழக்க வேண்டியதில்லை.

கூட்டம் இறுகினால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கைகளை மார்புக்கு முன்னால் மடக்கி, மூச்சு விட இடம் வைத்துக்கொள்ள வேண்டும். செருப்பு கழன்றால், செல்பேசி விழுந்தால், குனியவே கூடாது. எதிர்த்துத் தள்ளாமல் கூட்டத்தின் போக்கிலேயே, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வாக ஓரத்துக்கு நகர வேண்டும். குழந்தையைக் கைப்பிடித்து நடத்தாமல் தூக்கிக்கொள்ள வேண்டும்.

வானிலை அடுத்தது. தூறலுக்கு வேடிக்கை நிற்காது. பலத்த காற்றுக்கும் இடிக்கும் நிற்கும். 2013இல் சுமிதா வாணவேடிக்கை ஆரம்பித்து அரை மணி நேரத்தில் புயல்மழையால் கைவிடப்பட்டது. குடைக்கு அங்கே இடமில்லை, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும்; தலை வழியாக மாட்டும் மழைச்சட்டை ஆளுக்கு ஒன்று போதும். மழையைவிடக் காற்றின் திசை முக்கியம். காற்று உங்கள் முகத்தை நோக்கி வீசினால் ஐந்தாவது நிமிடத்திலிருந்து புகைக்குள் மின்னும் வெளிச்சம்தான் தெரியும். காற்று முதுகில் படும் பக்கம் உட்கார வேண்டும். காற்றே இல்லாத இரவும் நல்லதல்ல, புகை அப்படியே நின்றுவிடும்.

சாப்பாட்டு விஷயத்தில் சைவக்காரர்கள் ஏமாறக் கூடாது. ஸ்டேஷனில் விற்கும் பென்டோ பெட்டியில் காய்கறி மட்டுமே தெரிந்தாலும், அதை வேகவைத்த சாறு பெரும்பாலும் மீனிலிருந்து எடுத்தது. உப்பு மட்டும் சேர்த்த சோற்றுருண்டை கிடைக்கும். அதைவிட, காலையில் நண்பர் வீட்டிலேயே புளியோதரை கிளறிக்கொண்டு போவது சிறந்தது. ஆகஸ்டில் அங்கே 35 டிகிரியும் கசகசப்பும் சேர்ந்திருக்கும். தயிர்சாதம் மாலைக்குள் புளித்துவிடும், எலுமிச்சைச் சாதம் தாங்கும், புளியோதரை இரவு வரை நிற்கும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். குழாய்த் தண்ணீரையே பிடித்துக்கொள்ளலாம். குப்பைத் தொட்டி கண்ணில் படாது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை கொண்டுபோய், குப்பையைத் திரும்ப வீட்டுக்கே எடுத்து வர வேண்டும்.

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்பவர்களுக்காக அந்த வாணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். சிவகாசி பட்டாசு கொளுத்தி வளர்ந்தவர்களுக்கு இது தனியாகச் சுவைக்கும். ஜப்பானிய வாணக்குண்டு முழு உருண்டை. உள்சுவரை ஒட்டி மருந்து உருண்டைகளை வரிசையாக அடுக்கி, நடுவில் வெடிக்கும் மருந்தை வைக்கிறார்கள். அந்தச் சிறு உருண்டை ஒவ்வொன்றும் ஒரு விதையின் மேல் மெல்லிய பூச்சாகப் பூசி, வெயிலில் காயவைத்து, மறுபடி பூசி வளர்த்தது. ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை, தாமிரம் நீலம் என்று எந்தப் பூச்சு எப்போது எரிகிறதோ அப்போது நிறம் மாறும். அடுக்கி முடித்த குண்டின் மேல் காகிதத்தை ஒட்டிக் காயவைத்து, மறுபடி ஒட்டுவார்கள். எல்லாப் பக்கமும் ஒரே பலம் இருந்தால்தான் வட்டம் பிசகாமல் விரியும். உருண்டைகள் வால் இழுத்துக்கொண்டு விரிந்தால் அதைச் சாமந்தி என்கிறார்கள், வால் இல்லாமல் நிறப் புள்ளிகளாக விரிந்தால் பியோனி மலர்.

நாகவோகாவின் மூன்று ஷாகு (ஜப்பானிய அடி) குண்டு குறுக்கே 90 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 300 கிலோ. 600 மீட்டர் உயரம் போய் அதே அளவு அகலத்துக்கு விரியும். விரிந்து நிற்பதைக் கண் பார்த்துவிடும். சத்தம் இரண்டு வினாடி கழித்துத்தான் நெஞ்சில் வந்து விழும். ஊரின் திருவிழா அதிர்வேட்டை எத்தனை கேட்டவர்களுக்கும் அந்த இரண்டு வினாடி மௌனம் புதிதாக இருக்கும்.

ஆனால் நாகவோகா வானத்தில் முதலில் விரிவது வெள்ளைச் சாமந்தி. 1945 ஆகஸ்ட் 1 இரவு 10.30க்கு நாகவோகாவின் மேல் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசத் தொடங்கின. 1,488 பேர் இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே தேதி, அதே நேரத்தில் வெள்ளை வாணம் ஏற்றுகிறார்கள். அந்த வாணத்தை உருவாக்கிய கசே செய்ஜி, சைபீரியச் சிறை முகாமில் இறந்துபோன தம் சக வீரர்களுக்காக 1990இல் கபரோவ்ஸ்க் நகரிலும் அதை ஏற்றியவர். 2004 அக்டோபர் நிலநடுக்கத்துக்கு மறு ஆண்டு தொடங்கிய ஃபீனிக்ஸ் வாணம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் அகலத்துக்கு ஆற்றின் மேல் விரிகிறது. வெள்ளை வாணம் எழும்போது கரையில் யாரும் கைதட்டுவதில்லை. நம்மவர்களும் அந்தச் சில நொடிகள் பேச்சை நிறுத்திக்கொண்டால் நன்றாக இருக்கும். முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே, ஆகஸ்ட் 1 இரவே, அங்கே போய்விடுங்கள் என்பது எங்கள் கருத்து. அன்று திரும்பும் கூட்டமும் இராது.

தாங்கள் அடுத்த ஆண்டும் இந்தப் பக்கத்தை வெளியிடுவீர்கள் என்று நம்புகிறோம். ஆகஸ்டில் அல்ல, ஏப்ரலில் வெளியிடுங்கள். இருக்கைக்கு விண்ணப்பிக்க நேரம் இருக்கும். படத்துக்கு ஒதுக்கும் இடத்தில் கொஞ்சம் எடுத்து, ஜூலை 2 காலை 6.30 என்பதைக் கட்டம் கட்டிப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ரயில் பயணத்தில் ஆர்வமுள்ள வாசகர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு.